கணினிக்குச் சொல் கற்பித்தவர்

நுழையும்முன்

ஒரு துறை பிறக்கும்போது அதற்கென ஒரு மொழியும் பிறக்கிறது. அம்மொழி அறிந்தோர் உள்ளே இருப்பர். அறியாதோர் வாயிலில் நிற்பர். கணினித்துறை பிறந்தபோது அதன் மொழி எண்களாலும் குறியீடுகளாலும் மட்டுமே ஆனதாக இருந்தது. கணிதத்தில் ஆழ்ந்த சிலரே அதனைக் கையாள முடிந்தது. அந்த வாயிலை எளிய சொற்களால் திறந்துவைக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் ஒரு கணித ஆசிரியர். பின்னாளில் கடற்படையின் உயர் அலுவலர். அவர்தம் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளி மாணவர் ஒருவர் இன்று கணினியின்முன் அமர்ந்து நிரல் எழுதுகிறார். எழுது, படி, கூட்டு என்னும் பொருள் தரும் சொற்களை அவர் உள்ளிடுகிறார். சில நொடிகளில் விடை திரையில் தோன்றுகிறது. ஆனால், கணினியின் உள்ளே சொற்கள் எவையும் இல்லை. மின்னோட்டம் உண்டு, மின்னோட்டம் இல்லை என்னும் இரண்டே நிலைகள்தாம் அதற்குத் தெரியும். மனிதரின் சொல்லுக்கும் பொறியின் மின்னோட்டத்திற்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவர் மனிதரல்லர், அவரும் ஒரு நிரலே. கணினி தனக்குரிய நிரலைத் தானே தொகுத்துக்கொள்ளும் என்று பெரும்பாலோர் நம்பாத காலத்தில், அது இயலும் என்று செய்து காட்டியவர் கிரேஸ் முர்ரே ஹாப்பர்.

இளமையும் கல்வியும்

கிரேஸ் ஹாப்பர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் வால்டர் முர்ரே காப்பீட்டுத் தொழில் செய்தவர். தாயார் மேரி வான் ஹார்ன் கணிதத்தில் பெருவிருப்பம் உடையவர். அக்காலத்தில் பெண்கள் கணிதத்தை ஆழ்ந்து கற்பது தகாததாகக் கருதப்பட்டது. அதனால் மேரியின் கணிதக் கல்வி வடிவியலோடு நின்றுபோயிற்று. தமக்குக் கிட்டாத கல்வி தம் மகளுக்குக் கிட்ட வேண்டும் என்று அவர் விழைந்தார். தாய்வழிப் பாட்டனார் நியூயார்க் நகரின் கட்டுமானப் பொறியாளராகப் பணியாற்றியவர். அவர் தெருக்களை அளக்கச் செல்லும்போது சிறுமி கிரேஸும் உடன் செல்வார். சிவப்பும் வெள்ளையும் தீட்டிய அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து நிற்பார்.

பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று அறியும் வேட்கை அவருக்கு இளமையிலேயே இருந்தது. ஏழு வயதில், வீட்டின் அலாரக் கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். அதை மீண்டும் பொருத்தத் தெரியவில்லை. எப்படிப் பொருத்துவது என்று அறிய அடுத்த கடிகாரத்தைப் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டுகளாயின. செய்தி அறிந்த தாயார் அவரைக் கடிந்து அடக்கிவிடவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று வரம்பு வகுத்தார்.

தந்தையார் நோயினால் இரு கால்களையும் இழந்தவர். ஆயினும் தம் பணியை விடவில்லை. தம் காலத்திற்குப் பின் பிள்ளைகள் எவரையும் சார்ந்திராமல் வாழ வேண்டும் என்று எண்ணிய அவர், மகனுக்குத் தரும் கல்வியையே மகள்கள் இருவருக்கும் தர உறுதிபூண்டார். அவ்வுறுதியே கிரேஸின் வாழ்வுக்கு அடித்தளம் ஆயிற்று.

பதினாறு வயதில் அவர் வாசர் மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இலத்தீன் தேர்வில் மதிப்பெண் போதாமையால் இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு உழைத்துப் படித்து மறுமுறை முயன்று இடம் பெற்றார். அங்குக் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற பெண்கள் மிகச் சிலராகவே இருந்த காலம் அது. 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்னும் கல்வியாளரை அவர் மணந்தார். பின்னாளில் அம்மணவாழ்வு முறிந்தபோதிலும் ஹாப்பர் என்னும் பெயரே அவருக்கு நிலைத்தது.

வகுப்பறையில் ஒரு புதுமை

1931இல் தாம் பயின்ற வாசர் கல்லூரியிலேயே கணித ஆசிரியராகப் பணியேற்றார் ஹாப்பர். பிறர் விரும்பாத பாடங்களே புதியவரான அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவரோ அப்பாடங்களை மாணவியர் விரும்பும்படி மாற்றியமைத்தார். நிகழ்தகவைச் சீட்டாட்டத்தைக்கொண்டு விளக்கினார். வரைபடப் பாடத்தில், மாணவியர் தாமே கற்பனை செய்த நாடுகளுக்கு வரைபடம் வரையுமாறு செய்தார். பிற துறைகளின் வகுப்புகளிலும் மாணவியரோடு சென்று அமர்ந்து, அங்குக் கற்றவற்றைத் தம் கணிதப் பாடத்திற்கு எடுத்துக்காட்டாக்கினார்.

கணித வாய்பாடு ஒன்றைக் கற்பித்தபின் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு அவர் பணிப்பது வழக்கம். அக்கட்டுரைகளில் கணக்கை மட்டுமன்றி மொழிநடையையும் திருத்தினார். தாங்கள் படிப்பது கணிதமா, மொழிப்பாடமா என்று மாணவியர் குறைப்பட்டுக்கொண்டனர். கற்ற கணிதத்தைப் பிறர்க்குப் புரியும்படி எடுத்துரைக்க இயலாவிட்டால் அக்கல்வியால் பயனில்லை என்பது ஹாப்பரின் விடையாக இருந்தது. அறிந்ததைப் பிறர் அறியச் சொல்லல் என்னும் இக்கொள்கையே பின்னாளில் அவருடைய கணினி ஆய்வுக்கும் உயிராயிற்று.

கடற்படையில் ஒரு கணித அறிஞர்

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியது. 1942இல் கடற்படைக் காப்புப்படையில் பெண்கள் பணியாற்றச் சட்டம் வழிவகுத்தது. ஹாப்பர் சேர விழைந்தார். தடைகள் மூன்று குறுக்கே நின்றன. அவர் வயது முப்பதைக் கடந்திருந்தது. உடல் எடை, வரையறுத்த அளவைவிடச் சுமார் ஏழு கிலோ குறைவாக இருந்தது. கணிதப் பேராசிரியர் பணி போர்க்காலத்தில் நாட்டுக்கு இன்றியமையாதது என்பதால் அப்பணியை விட்டுவர இசைவும் வேண்டியிருந்தது. விடாது முயன்று சிறப்பு இசைவு பெற்ற அவர், 1943 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தார். தம் முன்னாள் மாணவியர் வயதுடைய இளம்பெண்களோடு பயிற்சி பெற்று, 1944 ஜூன் மாதம் தம் பிரிவில் முதலிடம் பெற்றுத் தேறினார்.

அவரைப் போர்க்கப்பலுக்கு அனுப்பவில்லை; ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணக்கீட்டு ஆய்வகத்திற்கு அனுப்பினர். ஹோவர்ட் ஐக்கன் என்னும் அறிஞர் வடிவமைத்து ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய மார்க் 1 என்னும் பொறி அங்கு இருந்தது. அதன் நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை சுமார் 5 டன். அதன் உறுப்புகள் ஏறத்தாழ 7,50,000. ஒரு நொடியில் மூன்று கூட்டல்களைச் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி எடுத்துக்கொள்ளும். இன்றைய நோக்கில் இது மிக மெல்லிய நடை. எனினும், மனிதக் கைகள் பல மாதங்கள் செய்ய வேண்டிய கணக்கைச் சில நாள்களில் முடிக்கும் பொறி அக்காலத்தில் பெருவியப்பாக இருந்தது.

அப்பொறிக்கு ஆணைகளைத் துளையிட்ட தாள்நாடாவின் வழியே அளிக்க வேண்டும். நாடாவின் ஒவ்வொரு வரிசையிலும் துளையிடுவதற்கு 24 இடங்கள். ஓர் இடத்தில் துளை பிழைத்தாலும் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். அப்பொறிக்கு நிரல் எழுதியவர்களுள் மூன்றாமவராக ஹாப்பர் இணைந்தார். படைக்கலங்களின் குறியைக் கணிக்கும் அட்டவணைகள் முதலான போர்க்காலக் கணக்குகளை அவர்தம் குழு இரவு பகலாகச் செய்து முடித்தது. ஜான் வான் நியூமன் என்னும் கணித மேதை கொண்டுவந்த கணக்கொன்றும் அவற்றுள் அடங்கும். அணுகுண்டு ஆய்வின்பொருட்டே அக்கணக்கு கேட்கப்பட்டது என்பதைக் குழுவினர் பின்னரே அறிந்தனர்.

பொறியின் இயக்கத்தை விளக்கும் கையேடு ஒன்றை எழுதும் பொறுப்பை ஐக்கன் ஹாப்பரிடம் ஒப்படைத்தார். தாம் நூல் எழுதியதில்லை என்று அவர் தயங்கினார். கடற்படையில் தயக்கத்திற்கு இடமில்லை என்பதே கிடைத்த மறுமொழி. நாள்தோறும் எழுதிய பகுதியை மாலையில் ஐக்கனுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. 1946இல் வெளியான அக்கையேடு 500 பக்கங்களுக்கு மேற்பட்டது. கணினிக்கு நிரல் எழுதும் முறையை விரிவாக விளக்கிய தொடக்ககால நூல்களுள் அது ஒன்றாகும்.

தெரிந்து தெளிவோம்

1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டின் மார்க் 2 பொறி பழுதுற்றது. உள்ளே தேடியபோது, ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கி இறந்திருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்துக் குறிப்பும் எழுதினர். பொறியின் கோளாற்றைப் பூச்சி என்னும் பொருள்படும் பக் என்னும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கம் பொறியாளரிடையே முன்பே இருந்தது. அவ்வழக்கைப் படைத்தவர் ஹாப்பர் என்பது சரியன்று. அந்தப் பூச்சியைக் கண்டெடுத்தவரும் அவரல்லர். நிகழ்ச்சியைச் சுவைபடப் பலரிடம் சொல்லிப் பரப்பியவர் அவரே. அப்பதிவேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நகலெடுப்பதில் பிறந்த எண்ணம்

போர் முடிந்தபின் வாசர் கல்லூரி அவரைப் பேராசிரியராகத் திரும்ப அழைத்தது. கணினியைப் பிரிய மனமின்றி ஹார்வர்டிலேயே ஆய்வாளராகத் தொடர்ந்தார். அங்கு நிலையான பணி கிடைக்கவில்லை. 1949இல் பிலடெல்பியாவில் எக்கெர்ட், மாக்லி ஆகிய இருவர் நடத்திய சிறு நிறுவனத்தில் கணித வல்லுநராகச் சேர்ந்தார். யூனிவாக் என்னும் மின்னணுக் கணினியை அவர்கள் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்தனர். அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் என்னும் பெருநிறுவனம் வாங்கியது.

அந்நாளில் கணினியோடு பழகுவோர் அதன் எண்முறையிலேயே சிந்திக்க வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் ஹாப்பர் எட்டை அடியாகக் கொண்ட எண்ம எண்முறையில் இடைவிடாது கணக்கிட்டு வந்தார். ஒரு சமயம் அவருடைய வங்கிக் கணக்கு பல மாதங்களாக நேர்படவில்லை. வங்கியில் பணியாற்றிய தம்பியிடம் அதைக் காட்டினார். அவர் நெடுநேரம் ஆராய்ந்து, தமக்கையார் சிலபோது பத்தடிமான முறைக்கு மாறாக எட்டடிமான முறையில் கழித்து வந்துள்ளார் என்று கண்டறிந்தார். பொறியின் மொழியைக் கற்க மனிதர் தம் இயல்பான சிந்தனையை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது. மனிதரின் மொழியைப் பொறி கற்றால் என்ன என்னும் கேள்வி அவருள் வலுப்பெற்றது.

மற்றொரு சிக்கலும் இருந்தது. சைன், வர்க்கமூலம் போன்றவற்றைக் காணும் சிறு நிரல்கள் அடிக்கடி தேவைப்பட்டன. ஹார்வர்டு குழுவினர் அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, வேண்டும்போது ஒருவர் குறிப்பேட்டிலிருந்து மற்றொருவர் பார்த்து எழுதிக்கொண்டனர். ஒவ்வொரு முறையும் நினைவக முகவரிகளைக் கூட்டிச் சரிசெய்ய வேண்டும். கணிதத்தில் தேர்ந்தவர்களும் கூட்டலில் பிழை செய்தனர். பார்த்து எழுதுவதிலும் எழுத்தை மாற்றி எழுதினர். நகலெடுத்தலும் கூட்டலும் மனிதர் சலிப்போடு செய்யும் பணிகள். கணினியோ அவ்விரண்டையும் பிழையின்றிச் செய்வதற்கென்றே படைக்கப்பட்டது. அவ்வாறாயின் அப்பணியைக் கணினியிடமே ஏன் ஒப்படைக்கக் கூடாது? இவ்வாறு எண்ணினார் ஹாப்பர்.

நிறுவனத்தில் உடன் பணியாற்றிய பெட்டி ஹோல்பெர்ட்டன் என்னும் பெண்மணி, தரவுகளை வரிசைப்படுத்தும் நிரலைக் கணினியே உருவாக்கித் தரும் முறையொன்றை வகுத்திருந்தார். அவருடைய பணியும் ஹாப்பருக்கு ஊக்கம் தந்தது.

நிரல் எழுதும் நிரல்

சிறு நிரல்களை எல்லாம் காந்த நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் நூலக நூல்களுக்கு இருப்பதுபோல் ஓர் எண்ணை அளித்தார் ஹாப்பர். நிரல் எழுதுபவர் தமக்கு வேண்டியவற்றின் எண்களை வரிசையாகக் குறிப்பிட்டால் போதும். கணினி அவற்றைத் தேடி எடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒன்றாகத் தொகுத்து முழு நிரலாக்கித் தரும். 1952இல் உருவான இதற்கு ஏ-0 என்று பெயர். பல இடங்களிலிருந்து எடுத்துத் தொகுத்தல் என்னும் பொருளில் கம்பைலர் என்று அதனை அழைத்தார். இன்று அச்சொல்லை நாம் நிரல்பெயர்ப்பி என்று வழங்குகிறோம். இன்றைய நிரல்பெயர்ப்பிகளோடு ஒப்பிட அது மிக எளியது. ஆயினும் வழியைத் திறந்தது அதுவே.

இப்பணியில் நேர்ந்த சிக்கல் ஒன்றை அவர் தீர்த்த விதம் சுவையானது. நிரலின் ஓரிடத்திலிருந்து பின்னால் வரவிருக்கும் பகுதிக்குத் தாவ வேண்டியிருக்கும். அப்பகுதி எந்த முகவரியில் அமையும் என்பது அந்நிலையில் கணினிக்குத் தெரியாது. ஹாப்பருக்குத் தம் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் நினைவுக்கு வந்தது. அக்கால மகளிர் ஆட்டவிதிப்படி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அடியும் நகரக் கூடாது. ஆகவே, பந்தைத் தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓட வேண்டும். உரிய இடம் சேர்ந்ததும் அவர் பந்தைத் திருப்பி எறிவார். அதுபோலவே நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். தாவ வேண்டிய ஆணை முதலில் அம்மூலைக்குச் செல்லும். உரிய பகுதியின் முகவரி தெரிந்ததும் அங்கிருந்து அப்பகுதிக்குச் செல்லும். ஆடுகளத்தின் உத்தி ஆய்வகத்தின் விடையாயிற்று.

1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கருத்தரங்கில் தம் ஆய்வை அவர் வெளியிட்டார். கணினிக்குக் கல்வியளித்தல் என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டிருந்தார். ஆயினும் அதனைப் பலர் ஏற்கவில்லை. கணினி எண்களைக் கூட்டலாம், பெருக்கலாம். நிரல் எழுதுதல் அதனால் இயலாது என்றனர். இயங்கும் நிரல் கண்ணெதிரே இருந்தும் அதனைத் தொட்டுப் பார்க்க எவரும் முன்வரவில்லை என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

சொற்களால் ஆன நிரல்

ஹாப்பர் அடுத்த அடி எடுத்து வைத்தார். கணித வல்லுநர்க்குக் குறியீடுகள் இனியவை. ஆனால், கணினியை வாங்க முன்வந்தவை வணிக நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் ஆகும். சம்பளப் பட்டியல் எழுதுவோரும் சரக்கிருப்பைக் கணக்கிடுவோரும் குறியீடுகளைக் கண்டு மிரண்டனர். அவர்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களிலேயே நிரல் எழுத வகைசெய்ய வேண்டும் என்றார் ஹாப்பர். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலாளர்கள் அம்முயற்சியைத் தட்டிக்கழித்தனர்.

அவர் சோர்வடையவில்லை. ஆங்கிலச் சொற்களால் ஆன சிறு நிரலைத் தம் குழுவினரோடு உருவாக்கி இயக்கிக் காட்டினார். பின்னர், அச்சொற்களுக்கு மாற்றாகப் பிரெஞ்சுச் சொற்களை இட்டும், ஜெர்மன் சொற்களை இட்டும் அதே நிரலை இயக்கினார். கணினியைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றே. எம்மொழிச் சொல்லாயினும் அதற்கு அது வெறும் குறி. சொல் மனிதருக்காகவே என்பதை உணர்த்துவதே அவர் நோக்கம். ஆனால், மேலாளர்கள் அதிர்ந்தனர். பிலடெல்பியாவில் உருவான அமெரிக்கப் பொறி பிரெஞ்சும் ஜெர்மனும் அறிவது எங்ஙனம் என்று ஐயுற்றனர். ஆங்கிலம் ஒன்றையே பயன்படுத்துவதாக உறுதிகூறி, அவர்களை இணங்க வைக்க ஹாப்பருக்கு மேலும் பல மாதங்கள் ஆயின. பொறிக்குக் கற்பிப்பதைவிட மனிதரின் மனத்தை மாற்றுவதே கடினமாக இருந்தது.

இம்முயற்சியின் விளைவாக உருவானது ஃப்ளோமேடிக் என்னும் நிரல்மொழி. யூனிவாக் கணினியின் நினைவகத்தில் ஆயிரம் சொல்லிடங்களே இருந்தன. ஓர் இடத்தில் 12 எழுத்துகளே அடங்கும். அத்தனை சிறிய இடத்திற்குள் மனிதச் சொற்களைப் புரிந்துகொள்ளும் நிரலைப் பொருத்தியது பெருஞ்சாதனையாகும்.

பொதுமொழி ஒன்று

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் ஒவ்வொரு மொழி இருந்தது. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. கணினியை மாற்றினால் நிரல்களை எல்லாம் புதிதாக எழுத வேண்டும். இந்நிலையை மாற்ற, மேரி ஹாஸ் என்னும் நிரலாளரின் முன்முயற்சியால் 1959 ஏப்ரலில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிறு கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஹாப்பரும் அதில் பங்கேற்றார். மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு அரசு அலுவலர்களும் கணினி நிறுவனத்தாரும் ஒன்றுகூடினர். அமைக்கப்பட்ட குழுக்களில் ஜீன் சாமட், பெட்டி ஹோல்பெர்ட்டன் முதலிய பெண்கள் முதன்மையான பங்காற்றினர்.

அவர்கள் வகுத்த மொழியே கோபால். வணிகப் பயன்பாட்டுக்குரிய பொதுமொழி என்பது அப்பெயரின் விரிவு. அதனைத் தனியொருவராக ஹாப்பர் படைக்கவில்லை. பலர் கூடி வகுத்தனர். எனினும், அதற்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் தலையாயது அவருடைய ஃப்ளோமேடிக். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரலை இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் இயக்கிக் காட்டினர். சில மாற்றங்களோடு இரண்டிலும் அது இயங்கியது. வங்கி, காப்பீடு, அரசு நிருவாகம் எனப் பல துறைகளில் அம்மொழி பரவியது. அதில் எழுதப்பட்ட நிரல்கள் பல இன்றும் இயங்கி வருகின்றன.

ஓய்வறியா ஆசிரியர்

1966ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. அப்போது அவருக்கு வயது 60. எட்டாம் மாதத்திலேயே அவரை மீண்டும் அழைத்தனர். கடற்படையில் வழங்கிய கோபால் மொழியின் வேறுபட்ட வடிவங்களை ஒழுங்குபடுத்த ஆறு மாதங்கள் மட்டும் பணியாற்றுமாறு வேண்டினர். அந்த ஆறு மாதங்கள் 19 ஆண்டுகளாக நீண்டன. 1983இல் கொமடோர் என்னும் உயர்நிலையையும் 1985இல் ரியர் அட்மிரல் நிலையையும் எய்தினார். 1986 ஆகஸ்டு 14ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில், யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் என்னும் வரலாற்றுச் சிறப்புமிக்க கப்பலில் அவருக்கு விடைகொடுத்தனர். அப்போது 79 வயதான அவரே, பணியிலிருந்த படை அலுவலர்களுள் மிக மூத்தவர்.

அவ்வாண்டுகளில் ஊர் ஊராகச் சென்று மாணவரிடையே உரையாற்றினார். நுட்பமான கருத்தையும் கையில் எடுத்துக் காட்டுவது அவர் வழக்கம். நானோநொடி என்பது ஒரு நொடியில் நூறுகோடியில் ஒரு பங்கு. அதனை உணர்த்த, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித்துண்டுகளைக் கேட்போர்க்கு வழங்குவார். ஒரு நானோநொடியில் மின்சைகை செல்லக்கூடிய பெரும எல்லை அவ்வளவே. அடுத்து, 984 அடி நீளமுள்ள கம்பிச்சுருளைத் தூக்கிக் காட்டி, அது மைக்ரோநொடி என்பார். கணினியின் உறுப்புகளை ஏன் சிறிதாக்கி நெருக்கமாக வைக்க வேண்டும் என்பதும், விண்கோள் வழியே செய்தி வந்துசேர ஏன் நேரமாகிறது என்பதும் கேட்போருக்கு நொடியில் விளங்கிவிடும். அவர் அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் பின்னோக்கிச் சுழன்றது. அதுவும் நேரத்தைச் சரியாகவே காட்டும். எப்போதும் இப்படித்தான் செய்து வருகிறோம் என்பது ஒரு முறையைத் தொடர்வதற்குப் போதிய காரணமாகாது என்று வருவோர்க்கு அது உணர்த்தியது.

பெண்களும் கணினியும்

கணினியின் தொடக்க வரலாற்றில் பெண்கள் பலர் இடம்பெற்றனர். பென்சில்வேனியாவின் எனியாக் கணினிக்கு முதன்முதல் நிரல் வகுத்தோர் ஆறு பெண்கள். பெட்டி ஹோல்பெர்ட்டனும் அவர்களுள் ஒருவர். பொறியைக் கட்டுவது பெரும்பணி, அதற்கு ஆணை எழுதுவது எழுத்தர் பணி என்று அன்று கருதினர். அதனாலேயே நிரலாக்கம் பெண்களிடம் விடப்பட்டது. 1946இல் எனியாக் உலகுக்கு அறிமுகமானபோது அப்பெண்களின் பங்கு உரியவாறு எடுத்துரைக்கப்படவில்லை. நிரலாக்கத்தின் அருமை உணரப்பட்டபின்னரோ, அது ஆண்களின் துறையாகக் கருதப்படலாயிற்று. 1969இல் ஹாப்பருக்குத் தரவுச் செயலாக்க மேலாண்மைச் சங்கம் ஒரு விருது வழங்கியது. அவ்விருதின் பெயரே ஆண்டின் சிறந்த மனிதர் என்பதை ஆண்பாற் சொல்லால் குறிப்பதாக இருந்தது. அவ்விருதை முதலில் பெற்றவர் ஒரு பெண் என்பது அப்பெயருக்கே விடையாயிற்று.

அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோருள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் பெண்கள். 2010 அளவில் அது 18 விழுக்காடாகக் குறைந்தது. திறமை குறைந்ததால் நேர்ந்ததன்று இது. வீட்டுக் கணினிகளை ஆண்பிள்ளைகளுக்கு உரியனவாக விளம்பரம் செய்தமையும், அதனால் வகுப்பறையில் அவர்களே முன்னறிவோடு அமர்ந்தமையும் காரணங்கள் என ஆய்வாளர் கருதுகின்றனர். திறந்த வாயிலும் கவனியாது விட்டால் மெல்ல மூடிக்கொள்ளும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. இந்நிலையை மாற்றும் நோக்கோடு, அனிதா போர்க், டெல் விட்னி என்னும் கணினி அறிஞர் இருவர் 1994இல் பெண் கணினி வல்லுநர் மாநாடு ஒன்றைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் சூட்டியது கிரேஸ் ஹாப்பரின் பெயரே.

ஹாப்பர் தம்மைப் பெண்ணுரிமைப் போராளியாகக் கூறிக்கொண்டதில்லை. இயலாது என்று சொல்லப்பட்டதைச் செய்து காட்டுவதே அவர் வழி. 1991இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது; தனியொருவராக அப்பதக்கத்தைப் பெற்ற முதற்பெண் அவரே. 1992 ஜனவரி முதல் நாள், தம் 85ஆம் வயதில் மறைந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் முழுப் படைமரியாதையோடு அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கடற்படைக் கப்பல் ஒன்றும் யேல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றும் இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளன. 2016இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபர் விடுதலைப் பதக்கம் மறைவுக்குப்பின் அவருக்கு அளிக்கப்பட்டது.

இத்தனை சிறப்புகளுக்கு இடையிலும், நிரல்பெயர்ப்பியை உருவாக்கியதோடு இளைஞர்களைப் பயிற்றுவித்ததையே தம் வாழ்வின் பெரும்பணியாக அவர் கருதினார். இளைஞர்கள் புதிய எண்ணத்தோடு வந்தால் அவர்களை முயலவிட வேண்டும் என்றும், துணிந்து இறங்குவோர்க்குத் துணைநிற்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். வாசர் கல்லூரியின் வகுப்பறையில், கணிதத்தைப் பிறர்க்குப் புரியும் மொழியில் எழுதுமாறு மாணவியரைப் பணித்த ஆசிரியர், பின்னர்க் கணினியையும் அவ்வாறே பணித்தார். அறிவு சிலரின் உடைமையாக நிற்கலாகாது. எளிய சொல்லின் வழியே எல்லாரையும் சென்றடைய வேண்டும். அவ்வழியில் நடந்து, பின்வருவோர்க்கும் பாதையைச் செப்பனிட்டுத் தந்தவர் கிரேஸ் ஹாப்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் கணிதப் பாடத்தின் வாய்பாடு ஒன்றைக் கணிதம் பயிலாத ஒருவர்க்கும் விளங்கும்படி ஒரு பக்க அளவில் கட்டுரையாக எழுதுக.

2. நானோநொடியைக் கம்பித்துண்டால் ஹாப்பர் விளக்கியதுபோல, அறிவியல் கருத்து ஒன்றைக் கையிலுள்ள பொருளைக்கொண்டு வகுப்பில் விளக்குக.

3. கணினி சார்ந்த தமிழ்க் கலைச்சொற்களைத் தொகுத்து, அவற்றுள் எளிதில் பொருள் விளங்குவன எவை, ஏன் என்பதைக் குழுவாகக் கலந்துரையாடுக.

4. பொறிக்குக் கற்பிப்பதைவிட மனிதரின் மனத்தை மாற்றுவது கடினம் என்னும் கருத்தை ஹாப்பரின் வாழ்வைக்கொண்டு நிறுவுக.